ஏழாம் வார்டில் பூக்காரி

ஜூலை 3, வியாழன்

இந்த டைரியை ஷமீமா டாக்டர் கொடுத்தார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் அவருக்குக் கொடுத்ததாம். மாத்திரைப் பெட்டியைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டதும் அட்டையைத் தொடைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவர் மேலே கேட்கவில்லை. மதியம் இதைக் கொண்டுவந்து அம்மாவின் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவுக்கு மே மாதக் கடைசியிலிருந்து காய்ச்சல். சாயங்காலமானால் நடுக்கம், விடிந்தால் பாய் நனைய வேர்வை. எங்கள் ஊர் கிளினிக்கில் முதலில் டைபாய்டு என்றார்கள், பிறகு மலேரியா என்றார்கள். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் இங்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். இதயத்துக்குள் ரத்தம் திரும்பி வராதபடி அடைக்கிற கதவுகள் இருக்கின்றனவாம், வால்வு என்று பெயர். அதில் ஒரு கதவில் கிருமி ஒட்டிக்கொண்டு கொத்தாக வளர்ந்திருக்கிறது. கதவு சரியாக மூடவில்லை.

என்ன கிருமி என்று தெரியவில்லை. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதுவரை சும்மா இருக்க முடியாது என்று ஊசி போட ஏற்பாடு செய்தார்கள். முதலில் கையில் துளி மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். அந்த இடம் சிவந்து தடித்துவிட்டது. பெனிசிலின் வகை மருந்து அம்மாவுக்கு ஆகாது என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு, வேறு மருந்தைப் பாட்டிலில் ஏற்றுகிறார்கள்.

வந்த அன்றைக்கே பக்கத்துக் கட்டில் பிரமாச்சி அம்மாள் அம்மாவிடம் கேட்டாள், “நீங்க என்ன சோலி பாக்கிய?”

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், “பூக் கட்டுதோம்.”

நான் தரையைப் பார்த்தேன். முன்பே யோசித்து வைத்திருந்தாளா, அப்போது வாயில் வந்ததா தெரியவில்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கும் பூக் கட்டத் தெரியாது. எங்கள் வேலை என்ன என்பதை இந்த டைரியிலும் எழுதப்போவதில்லை. நான் குளிக்கப் போகும்போது யாராவது எடுத்துப் படித்தால்?

ஜூலை 4, வெள்ளி

அம்மா ஒரு இட்லி சாப்பிட்டாள். காய்ச்சல் குறையவில்லை. குழாயடியில் வரிசை நீளம்.

ஜூலை 6, ஞாயிறு

பிரமாச்சி அம்மாளுக்குத் துணையாக அவள் மகள் இருக்கிறாள். பெயர் ஆவுடை. என்னைவிட ஒரு வயது பெரியவள், பதினேழு. வீட்டில் பீடி சுற்றுகிறாள். இங்கே சும்மா உட்கார்ந்திருப்பது கைக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று என் தலையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சடை பின்னிவிடுகிறாள். அவள் சீப்பிலேயே. நான் என் சீப்பை எடுக்கப் போனபோது “ஏன், எந்தலையில பேனா இருக்கு?” என்று கேட்டாள். நான் பயந்துபோய் இல்லை இல்லை என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

ராத்திரி இரண்டு பேர் பாயையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறோம். அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அவளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளைக்குப் பல் முன்னால் வந்திருக்கிறதாம். வாய் மூடியிருக்கும்போது பார்க்க நன்றாக இருப்பானாம், அதனால் பேசாமல் இருக்கச் சொல்லிக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். பள்ளிக்கூடத்தை ஏன் நிறுத்தினாய் என்று என்னைக் கேட்டாள். எட்டாவதில் கணக்கு வரவில்லை என்றேன்.

அப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வருகிறார். உள்ளே வருவதில்லை. அம்மா அப்படிச் சொல்லிவிட்டாள். கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு அருகே நிற்பார். நான் போய்ச் சாப்பாட்டுத் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு வருவேன். சட்டை துவைத்ததாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறேன். இன்றைக்கு அதை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

நடந்ததை எழுதக் கூசுகிறது.

பிரமாச்சி அம்மாளைப் பார்க்க வந்த தம்பி ஒரு பை நிறையப் பிச்சிப்பூ கொண்டுவந்தார். உதிரிப் பூ. பிரமாச்சி அம்மாள் பையை நேராக அம்மாவின் மடியில் கொட்டினாள். பூக்காரி பக்கத்தில் இருக்கும்போது நமக்கென்ன கவலை, வார்டுக்கே கட்டிவிடலாம் என்றாள்.

அம்மா ஒரு பூவை எடுத்து முகர்ந்து பார்த்து, “இது ரொம்ப விரிஞ்சிட்டு. அரும்பாப் பறிச்சிருக்கணும்” என்றாள். எங்கிருந்து கற்றுக்கொண்டாள்? பிறகு விரல் நுனியெல்லாம் வலிக்கிறது என்று கையை விரித்துக் காட்டினாள். அது பொய் இல்லை. விரல் நுனிகளில் சிவப்பாகச் சின்னச் சின்ன மொட்டுகள் வந்திருக்கின்றன, தொட்டால் வலி. டாக்டர்கள் அதைத்தான் தினமும் பார்க்கிறார்கள். “எம்மவ கட்டுவா” என்றாள்.

கட்டினேன். பார்த்திருக்கிறேனே, இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து நாரைச் சுற்ற வேண்டும் என்று தெரியும். சுற்றிவிட்டுத் தூக்கினால் பூ மொத்தமும் கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது. சுற்றி ஆறேழு பெண்கள். ஆவுடை என் கையிலிருந்து நாரை வாங்கிக்கொண்டாள். “சரியாத் தூங்கல இவ, கை நடுங்குது” என்று அவளே எல்லாரிடமும் சொன்னாள். ஒரு நொடியில் கட்டி முடித்தாள்.

எல்லாரும் பூ வைத்துக்கொண்டார்கள். அம்மாவும். அம்மா பூ வைத்து நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஜூலை 9, புதன்

காய்ச்சல் நூற்றிரண்டு. மருந்து ஏற்றி ஒரு வாரம் தாண்டிவிட்டது, கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஏதோ வளர்ந்ததாம். ஆனால் அது தோலில் இருக்கிற சாதாரணக் கிருமி மாதிரி இருக்கிறது, ஊசி குத்தும்போது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று லேபில் ஒதுக்கிவிட்டார்களாம்.

ஷமீமா டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிறையக் கேட்டார். பச்சைப் பால் குடிப்பாளா? பல் பிடுங்கினாளா? எங்காவது காயம்? விரல் வெட்டுப்பட்டது என்றேன். எதில்? அரிவாள்மனையில் என்றேன். வீட்டில் ஆடு மாடு உண்டா? இல்லை என்றேன். கோழி, நாய், பூனை? இல்லை. வேறு ஏதாவது மிருகம்?

இல்லை என்றேன்.

கேட்டது ஆடு மாடு என்று மட்டும் இருந்திருந்தால் நான் சொன்னது பொய்யாகியிருக்காது. வேறு ஏதாவது என்று ஏன் கேட்டார்?

எழுதித்தான் ஆக வேண்டும் போல இருக்கிறது. டைரியைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொள்கிறேன். நாங்கள் பன்றி வளர்க்கிறோம். ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் பட்டி இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் ஹோட்டல்களில் எச்சில் சோறு எடுத்து டிரம்மில் கொண்டுவந்து போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றை வெட்டுவார்கள். எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயர் வந்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வரும். மூக்கால் போடுகிற சத்தம். ஒருநாள் டீச்சரும் சிரித்துவிட்டார். அவர்தான் கணக்குப் பாடம் எடுத்தார்.

ஷமீமா டாக்டர் தலையில் முக்காடு போட்டிருப்பார். மதியம் மருந்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தொழுவதை ஒருநாள் பார்த்தேன். எங்கள் ஊரில் பள்ளிவாசல் தெரு வழியாக எங்கள் வண்டி போகக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். அவர் அம்மாவின் கையைத் தினமும் தொட்டுப் பார்க்கிறார், விரல் விரலாக. சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? தெரியாமல் தொட்டுவிட்டோமே என்று நினைக்க மாட்டாரா?

அம்மாவுக்காகத்தான் நான் சொல்லவில்லை. அம்மா சொல்லாதே என்றிருக்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

ஆவுடை புது மாதிரிச் சடை பின்னிவிட்டாள். நாலு கால் சடை. கண்ணாடி இல்லாததால் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

காலையில் அம்மா டம்ளரைப் பிடிக்கப் போனாள், விழுந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. இடது கையில் பிடி இல்லை. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் டாக்டர்கள் முகம் மாறிவிட்டது. வால்விலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து ரத்தத்தோடு மூளைக்குப் போயிருக்கிறது. இது சின்னத் துணுக்கு, தப்பித்தாள். பெரியது போனால் பக்கவாதம் வரும், உயிரும் போகலாம். கிருமி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் கிருமி அடங்காமல் இந்த உடம்பைக் கீறினால் தாங்காது. வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் வரச் சொல் என்றார் பெரிய டாக்டர்.

கேட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். இன்றைக்குத் தள்ளி நிற்கவில்லை. அவர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே வரப் புறப்பட்டார். பிறகு நின்றுவிட்டார். அவளுக்குத் தெரிந்தால் இன்னும் மூச்சு வாங்கும் என்றார்.

வீட்டில் மிருகம் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டதைச் சொன்னேன். நான் இல்லை என்று சொன்னதையும் சொன்னேன்.

அப்பா சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். சித்திரையில் கோயில் கொடைக்குப் பிறகு பட்டியில் நாலைந்து உருப்படிகளுக்குச் சீக்கு வந்தது, தோலில் சிவப்புச் சிவப்பாகக் கட்டம் விழுந்தது, அதில் ஒன்றைத்தானே சாவதற்குள் வெட்டினோம், அதைத் துண்டு போடும்போதுதானே எலும்பு உன் அம்மா விரலைக் கீறியது என்றார். எனக்கு அது முன்பே நினைவிருந்தது. விரல் ஊதாவாக வீங்கி, எரிகிறது எரிகிறது என்று ஒரு வாரம் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள். அந்தக் கறி என்ன ஆயிற்று என்பதை எழுதப்போவதில்லை.

“சொல்லிரட்டுமாப்பா?” என்று கேட்டேன்.

“எங்கிட்ட ஏன்ட்டி கேக்க? நான் உள்ள வரக் கூடாதவன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன், டாக்டரிடம் மட்டும் சொன்னால் என்ன என்று. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இடது கைதான், ஆனால் பிடி இருந்தது. டாக்டரிடம் சொன்னால் நர்ஸுக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரிந்தால் ஆயாவுக்குத் தெரியும், அதற்குப் பிறகு இந்தத் தட்டில் யார் குழம்பு ஊற்றுவார்கள் என்று கேட்டாள். பிரமாச்சி அம்மாள் அப்போதுதான் அவள் வீட்டுப் புளிக்குழம்பை அம்மாவின் தட்டில் ஊற்றிவிட்டு அந்தக் கரண்டியைத் தன் தட்டில் வைத்திருந்தாள்.

“நான் செத்தாலும் சொல்லக் கூடாது” என்றாள்.

சரி என்றேன். சரி என்று சொன்னதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் கேவலம். சாயங்காலம் ஆவுடை தலை பின்ன வந்தபோது நான் அழுதேன். அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் அம்மாவுக்குக் குளிர் கண்டு கட்டில் சத்தம் போட்டது. நான் மேலே படுத்து அமுக்கிப் பிடித்தேன். பல் கிட்டித்துக்கொண்டு அவள் ஏதோ சொன்னாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். பட்டிக்குத் தண்ணீர் வைத்தாச்சா என்று கேட்கிறாள். இங்கே வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் வாயில் அந்தப் பேச்சு வரவில்லை. நடுக்கம் நின்று அவள் தூங்கியதும் வெளியே வந்தேன்.

ஷமீமா டாக்டர் குடிதண்ணீர்க் குழாய் பக்கம் நின்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். தலைவலி போல. நான் போய் முன்னால் நின்றேன். வாய் வரவில்லை. அவராகவே என்னம்மா என்றார்.

“நீங்க தொழுவிய, இல்லையா டாக்டர்?”

“ஆமா.”

“அப்ப உங்ககிட்ட சொல்லக் கூடாது. வேற டாக்டர் யாரும் இருக்காவளா?”

அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன், நான் என்ன தப்பு செஞ்சேன்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, நாங்கள் பூக் கட்டவில்லை என்றேன். அரிவாள்மனையில் வெட்டவில்லை, எலும்பு கீறியது என்றேன். எந்த எலும்பு என்றார். சொல்ல முடியவில்லை. காதில் அந்தப் பின்பெஞ்சுச் சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது. அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார், மாடா, ஆடா. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“பன்றியா?”

அந்தச் சொல்லை அவர் வாய் சும்மா சொன்னது. வேறு எதைச் சொன்னாலும் எப்படிச் சொல்வாரோ அப்படி. ஆமாம் என்றேன்.

என் தோளைப் பிடித்துத் திருப்பினார். சீக்கு வந்த பன்றியா? தோலில் ஏதாவது இருந்ததா? சிவப்பாகவா? என்ன வடிவம்? கோலத்தில் சாய்வாகப் போடுகிற கட்டம் மாதிரி என்று விரலால் சுவரில் போட்டுக் காட்டினேன். விரலில் வந்த வீக்கம் என்ன நிறம்? ஊதா.

அவர் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. மாத்திரை அட்டை குழாய் மேலேயே கிடந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

மத்தியானம் வந்து சொன்னார். பன்றிக்கும் சில மீனுக்கும் வருகிற கிருமி ஒன்று இருக்கிறது. வெட்டுக்காயம் வழியாக மனிதர் கைக்கு வரும். பெரும்பாலும் கையோடு நின்றுவிடும். எப்போதாவது ஒருவருக்கு ரத்தத்தில் ஏறி வால்வில் போய் உட்காரும், அது ரொம்ப அபூர்வம். லேபில் ஒதுக்கி வைத்த கிருமியை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதுதான் என்றால் இத்தனை நாளும் ஏற்றிய மருந்து அதை ஒன்றுமே செய்யாது. அதற்குப் பெனிசிலின்தான் கேட்கும்.

அப்படியென்றால் நான் புதன்கிழமையே சொல்லியிருந்தால் என்று கேட்க ஆரம்பித்தேன். கேள்வியை முடிக்கவில்லை.

வார்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் டாக்டர் என்றேன். நான் சொல்ல மாட்டேன் என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

பெரிய டாக்டர் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரோடு வந்தார். அம்மாவின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். லேபிலிருந்து செய்தி வந்துவிட்டது, அதே கிருமிதான். இந்த அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று ஒரு பையனைக் கேட்டார். அவன் சீட்டைப் பார்த்து, பூ கட்டுகிறார் சார் என்றான்.

“இல்ல. பன்னி வளக்கிறாங்க. பன்னி வெட்டுறாங்க” என்றார் பெரிய டாக்டர். “நாம சரியாக் கேக்கல, அவங்க சொல்லல. உங்க புத்தகத்துல இதப் பத்தி நாலு வரி இருக்கும். நல்லாப் பாத்துக்கங்க. நான் சர்வீஸ்ல பாக்குற முதல் கேஸ்.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. பாடம் எடுக்கிறவர் குரல், கடைசிக் கட்டில்வரை கேட்கிற மாதிரி. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அம்மாவின் விரலைப் பார்த்தார்கள். பிரமாச்சி அம்மாள் கையில் டம்ளரோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆவுடை என்னைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் நிமிரவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஷமீமா டாக்டர் பிறகு வந்தார். சீட்டில் எழுதித்தான் ஆக வேண்டும், சத்தமாகச் சொல்வார் என்று நினைக்கவில்லை என்றார். நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

ஜூலை 16, புதன்

பெனிசிலினுக்குக் கை தடித்ததே, அந்த மருந்தை எப்படிக் கொடுப்பது? துளியிலும் துளியாகக் கொடுத்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்களாம். மூச்சு அடைத்தால் மாற்று ஊசி போட வேண்டும். ஷமீமா டாக்டர் அந்த ஊசியை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் நாடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் கால்மாட்டில் நின்றேன்.

அம்மா யாரோடும் பேசவில்லை. மத்தியானத்துக்கு மேல் டாக்டரிடம் மட்டும் கேட்டாள், “ஒங்களுக்கு அருவருப்பா இல்லையாம்மா?”

“திங்கத்தாம்மா கூடாது. வளக்கிறவங்களுக்கு வைத்தியம் பாக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல” என்றார் டாக்டர். “கையை ஆட்டாதீங்க.”

முழு மருந்தும் ஏறியது. தடிக்கவில்லை. அன்றைக்குச் சிவந்தது வேறு எதனாலோ இருக்கலாமாம்.

ஜூலை 18, வெள்ளி

பிரமாச்சி அம்மாள் காற்று வரவில்லை என்று சொல்லி ஜன்னலோரக் கட்டிலுக்கு மாறிவிட்டாள். மின்விசிறி எங்கள் பக்கம்தான் நன்றாகச் சுற்றுகிறது. அம்மாவுக்கு ஊற்றிய கிண்ணத்தை ஆயாவிடம் கொடுத்து வெந்நீரில் கழுவச் சொன்னாள். சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. நேற்று எனக்கு ஒரு வாழைப்பழம்கூடத் தந்தாள், கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஆவுடையின் பாய் அங்கே போய்விட்டது. என் தலையை நானே பின்னிக்கொண்டேன். கோணல்.

அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆயாவைக் கூப்பிடுகிறாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. மறுபடி வைத்துப் பார்த்தார்கள். இல்லை.

ஜூலை 23, புதன்

பிரமாச்சி அம்மாளுக்கு வீட்டுக்குப் போகச் சீட்டு எழுதிவிட்டார்கள். நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஆவுடை குழாயடிக்கு வந்தாள். கொஞ்ச நேரம் வாளி நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏன்ட்டி எங்கிட்டப் பொய் சொன்னே?” என்றாள்.

நான் கையிலிருந்த துணியைப் பிழிந்தேன்.

“பூக் கட்டத் தெரியாதுன்னு அன்னைக்கே தெரியும். ஏதோ சொல்ல முடியாத சோலின்னு நெனச்சேன். நான் நெனச்சது இதவிட மோசம்.” பிறகு சேலை நுனியை முறுக்கிக்கொண்டே, “ஒங்கிட்ட வாடையெல்லாம் ஒண்ணும் வரல. சத்தியமா” என்றாள்.

நல்லதாகத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் போன பிறகு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். அவள் அம்மா கூப்பிட்டதால் கல்யாணத் தேதியைக் கேட்க முடியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

அப்பா வந்திருக்கிறார் என்று சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே அம்மா, “உள்ள வரச் சொல்லு. இனிமே என்ன” என்றாள். என்னிடம் அவள் பேசுவது அன்றிலிருந்து இதுதான் முதல் தடவை.

அப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். உட்காரவில்லை. பட்டியில் சீக்கு நின்றுவிட்டது, கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அம்மா எழுந்து உட்கார்ந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மொட்டுகள் காய்ந்து உரிகின்றன.

“நீ சொல்லலன்னா நான் பூக்காரியாவே செத்திருப்பேன்” என்றாள்.

திட்டுகிறாளா என்று புரியாமல் நின்றேன்.

“நல்லாத்தான்ட்டி இருந்துது. பூக்காரியா இருந்தது.”

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டாள். என்னிடம் கேட்டாள். கொடுத்தேன்.

எனக்கும் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. டாக்டர் கேட்ட அந்தப் புதன்கிழமை நான் சொல்லாமல் விட்டது அம்மாவுக்காக இல்லை என்பதையும் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கொத்து சுருங்கியிருக்கிறது. கதவு பழையபடி மூடாது, ஒழுகும். இந்த மாதம் பாதிவரை ஊசி போட்டு முடித்துவிட்டு, ஆபரேஷன் இப்போதே வேண்டுமா, பிறகு பார்க்கலாமா என்று சொல்வார்களாம். கையுறை போடாமல் பட்டிப் பக்கம் போகக் கூடாது. அம்மா கையுறை என்றதும் சிரித்தாள்.

பக்கத்துக் கட்டிலுக்கு இன்றைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். பெயர் சொர்ணத்தாய். கால் வீங்கி, தலையணை மூன்று அடுக்கி உட்கார்ந்திருக்கிறாள். செங்கல் சூளையில் வேலையாம். வந்து சேர்ந்து பையை வைத்ததும் வைக்காததுமாக அம்மாவிடம் கேட்டாள், நீங்க என்ன வேலை பாக்கிய?

வார்டில் பழைய ஆட்கள் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு நின்றது எனக்குக் கேட்டது.

அம்மா என் பக்கம் தாடையைத் திருப்பினாள். “அவகிட்டக் கேளுங்க. அவதான் எல்லாம் சொல்லுவா.”

குத்தலாகத்தான் சொன்னாள். சொர்ணத்தாய் என்னைப் பார்த்தாள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதவவில்லை.

“பன்னி வளக்கோம்” என்றேன்.

“என்னது? சத்தமாச் சொல்லு தாயி.”

“பன்னி. பன்னி வளக்கோம்.” அளவுக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. கதவு பக்கம் ஊசி எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தார்.

சொர்ணத்தாய் ஒரு நிமிஷம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் சூளையில் வடக்கத்திப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை வாங்கிவந்து சமைப்பார்கள் என்றும், ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்த்தேன், ஒரே கொழுப்பு, எப்படித்தான் தின்கிறார்களோ என்றும் சொன்னாள்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் முதுகுக்குக் கை கொடுக்கப் போவதற்குள் அவளாகவே நிமிர்ந்துவிட்டாள்.

“அது எங்கயாவது கெட்ட கறி வாங்கியிருப்பாவ” என்றாள். “எங்க உருப்படில அப்பிடி இருக்காது. கறியும் கொழுப்பும் வாரு வாரா இருக்கும். நீங்க தீயில எவ்வளவு நேரம் வச்சிய?”

சொர்ணத்தாய் நான் எங்கே வைத்தேன், அந்தப் பையன்கள்தான் வைத்தார்கள் என்றாள். அதுதானே பார்த்தேன், முதல் தண்ணீரைக் கொட்டினார்களா என்றாள் அம்மா.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குடத்தில் தண்ணீர் இருந்தது, இருந்தும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இதை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவின் குரல் இங்கே வரை கேட்கிறது. மூச்சு வாங்காமல் பேசுகிறாள்.